மெஷினிங் செய்ததாகப் பில் போட்ட சிஎன்சி பிரேம்: மீதிப் பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

வீட்டில் சிஎன்சி ரவுட்டர் (கம்ப்யூட்டர் சொல்லும் வழியில் பலகையை வெட்டும் மெஷின்) கட்டுகிறவர்கள் மோட்டார், டிரைவர், கட்டரைச் சுழற்றும் ஸ்பிண்டில் எல்லாவற்றையும் தேடித் தேடி வாங்கிவிட்டு, பிரேமை மட்டும் ஏதாவது ஒரு வெல்டிங் பட்டறையில் கொடுத்துவிடுகிறார்கள். நாங்கள் ஏமாந்தது அந்த இடத்தில்தான். கோவைப் பக்கம் ஒரு பட்டறை. பெயர் வேண்டாம். ஆனால் என்ன நடந்தது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை இந்த வேலையில் இறங்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆர்டர் இதுதான்: 1500 × 1000 மி.மீ. பிரேம், 80 × 80 எம்.எஸ். (சாதா இரும்பு) சதுரக் குழாய், 4 மி.மீ. கனம். மெஷின் ஓடும் ரயில் உட்கார நீளவாக்கில் இரண்டு பக்கமும் 50 × 12 பட்டை. வெல்டிங் முடிந்ததும் ஃபர்னஸில் வைத்து ஸ்ட்ரெஸ் ரிலீவிங், அதாவது வெல்டிங்கில் உள்ளே தங்கிய இழுவையைச் சூட்டால் தளர்த்துவது. அதன்பின் பிளானோமில்லரில் (பெரிய பிரேமின் மேற்பரப்பைச் சீவித் தட்டையாக்கும் மெஷின்) இரண்டு பட்டையையும் ஒரே செட்டிங்கில் ஓட்டித் தர வேண்டும். குழாய், ஹீட் ட்ரீட்மென்ட், மெஷினிங் என்று மூன்றுக்கும் தனித்தனியாகப் பில் வந்தது. வந்த பிரேமில் மூன்றுமே பொய்.

டெலிவரி எடுக்கும்போது பட்டறைக்காரர் நான்கு பக்கமும் ரசமட்டம் வைத்துக் காட்டினார். குமிழி நடுவில்தான் நின்றது. ஆனால் கட்டட வேலைக்கு வைக்கும் ரசமட்டம் மீட்டருக்கு அரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் நம்பகம். ரயிலுக்கு வேண்டியதோ மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. அதைவிட முக்கியமான இன்னொன்று: ஒரு காலின் அடியில் தகட்டுத் துண்டு செருகப்பட்டிருந்தது. பிரேமைத் தூக்கி வண்டியில் ஏற்றும்போதுதான் அது கண்ணில் பட்டது.

மட்டம் வேறு, முறுக்கு வேறு. மெஷின் பூமிக்குச் சற்றுச் சாய்ந்து நின்றாலும் வெட்டும். இரண்டு ரயிலும் ஒரே தளத்தில் இல்லாவிட்டால் எதுவும் சரியாக வராது. அதைப் பார்க்க ரசமட்டத்தைவிட நூல் நல்லது. 0.3 மி.மீ. தூண்டில் நரம்பை மூலைக்கு மூலை குறுக்காக, எக்ஸ் வடிவில், இழுத்துக் கட்டுங்கள். நான்கு மூலையிலும் நரம்பின் அடியில் ஒரே கனமுள்ள துண்டு இருக்க வேண்டும், இழுவையும் ஒரே அளவாக இருக்க வேண்டும். நடுவில் இரண்டும் மெல்லத் தொட்டால் முறுக்கு இல்லை. தொட்டுவிட்டது என்று அதோடு விட்டுவிடாதீர்கள். மேலே போகும் நரம்பைக் கீழே மாற்றி மறுபடி பாருங்கள். முறுக்கு இருந்தால் ஒரு முறை இடைவெளி தெரியும், மறுமுறை ஒன்றை ஒன்று தள்ளி வளைக்கும். எங்கள் பிரேமில் நடுவில் ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) 1.2 மி.மீ. வரை நுழைந்தது. நடுவில் தெரிவது பாதிதான். ஒரு மூலை குறைந்தது 2.4 மி.மீ. தூக்கி நிற்கிறது என்று அர்த்தம்.

பிளானோமில்லரில் ஓட்டிய பட்டையில் இந்த அளவு வரவே வராது. அதனால் பட்டையின் நான்கு முனையிலும் வெர்னியர் வைத்தோம். நான்கிலும் 12 மி.மீ. கட்டர் ஓடியிருந்தால் தூக்கி நிற்கும் மூலையிலாவது கனம் குறைந்திருக்க வேண்டும். பிரைமரின் மேல் அரத்தை இழுத்தோம். பளபளப்பான இரும்புத்தூள் வரவில்லை, சாம்பல் நிறத்தில் மாவு உதிர்ந்தது. கார் டிங்கரிங்கில் பூசும் புட்டி. பள்ளத்தை அதை வைத்து நிரப்பி, தேய்த்து, பெயின்ட் அடித்திருக்கிறார்கள். அதன் அடியில் இரும்பு ஆலையில் இருந்தே வந்த கறுப்புத் தோல் அப்படியே இருந்தது. சின்ன காந்தத்தைப் பட்டை முழுக்க நகர்த்திப் பாருங்கள். புட்டி தடிமனாக உள்ள இடத்தில் பிடி தளர்வது கையில் தெரியும். இதனால்தான் பெயின்ட் அடிக்காத பிரேமைத்தான் வாங்க வேண்டும் என்கிறோம்.

ஃபர்னஸுக்குப் போனதா என்பதும் பெயின்ட் இல்லாவிட்டால் நிறத்திலேயே தெரிந்துவிடும். 600 முதல் 650 டிகிரி சூட்டில் வைத்து உள்ளேயே ஆறவிட்ட பிரேம், முழுக்க ஒரே மாதிரி கறுத்து, செதில் படர்ந்து வரும். வெல்டிங்குக்குப் பக்கத்தில் மட்டும் நீலம் படிந்து மற்ற இடமெல்லாம் குழாய் வந்த நிறத்திலேயே இருந்தால் அது ஃபர்னஸையே பார்க்கவில்லை. கேஸ் டார்ச்சில் மூலைகளைச் சூடு காட்டுவது இதற்கு ஈடாகாது, சில சமயம் கோணலைக் கூட்டும். ஃபர்னஸில் எவ்வளவு நேரம், எத்தனை டிகிரி என்று பதிவான சூட்டு சார்ட்டைக் கேளுங்கள்.

குழாயின் கனத்தை எடை சொல்லிவிடும். 80 × 80 குழாய் 4 மி.மீ. என்றால் மீட்டருக்கு 9 கிலோவுக்குச் சற்று மேல், 3 மி.மீ. என்றால் 7 கிலோ. வெட்டும் முன்பே எடை போடுங்கள். முனையில் மூடி வைத்து வெல்டு செய்துவிட்டால் பிறகு துளை போட்டுத்தான் பார்க்க முடியும்.

முறுக்கு வந்த காரணமும் பட்டறையின் அவசரம்தான். ஒரு மூலையை முழுதாக வெல்டு செய்துவிட்டு அடுத்த மூலைக்குப் போனால், ஆறும்போது சுருங்கும் வெல்டு குழாயைத் தன் பக்கம் இழுக்கும். எல்லா மூலையிலும் முதலில் டேக் (பிடிப்புக்கு மட்டும் சின்னப் புள்ளி வெல்டு) அடித்து, இரண்டு மூலைவிட்டமும் சமமா என்று அளந்து, பிறகு எதிரெதிர் மூலைகளில் 25, 30 மி.மீ. துண்டுகளாக மாறி மாறி வெல்டு வைக்க வேண்டும். மில்லிங்கிலும் இதே மாதிரி ஒரு குறுக்குவழி உண்டு: பிரேம் தானாக உட்காரும் நிலையில் அடியில் தெரியும் இடைவெளிக்கு ஷிம் (மெல்லிய தகட்டுத் துண்டு) வைக்காமல் மேசையோடு கிளாம்பால் அமுக்கிப் பிடித்து ஓட்டுவது. கிளாம்பைக் கழற்றியதும் பழைய முறுக்குக்கே திரும்பிவிடும்.

கேட்டபோது பட்டறையில் சொன்ன பதில்: “ஸ்பாயில்போர்டை ஒருமுறை சர்ஃபேஸ் பண்ணிட்டா எல்லாம் சரியாப் போயிடும் சார்.” ஸ்பாயில்போர்டு என்பது வெட்டும் பொருளுக்கு அடியில் போடும் பலகை; அதைக் கட்டரால் சீவி மட்டமாக்கச் சொல்கிறார். சரியாகாது. ரயிலில் உள்ள முறுக்கைத்தான் கட்டர் அப்படியே பலகையில் பதிக்கும். கேன்ட்ரி (ஸ்பிண்டிலைத் தாங்கி ரயிலில் ஓடும் பாலம்) ஒரு முனையில் லேசாக ஓடி மறுமுனையில் இறுகும், ஸ்டெப்பர் மோட்டார் ஸ்டெப் தவறும், ரயிலில் நகரும் பிளாக்கில் உள்ள குண்டுகள் சீக்கிரம் தேயும்.

பணத்தைத் திருப்பித் தரவில்லை. பிரேமை மீட்க வழி இருந்தது. புட்டியை வெறும் இரும்பு தெரியும்வரை சுரண்டி எடுத்தோம். கால்களில் எம்16 லெவலிங் போல்ட் போட்டு, நரம்பு இரண்டு முறையும் மெல்லத் தொடும்வரை திருகி முறுக்கை எடுத்தோம். அதன்பிறகுதான் பட்டையின் மேல் எபாக்சி (ஊற்றினால் தானே மட்டமாகி இறுகும் பிசின்). இரண்டு பட்டையையும் ஒரு குறுக்கு வாய்க்காலால் இணைத்து, ஒரே கலவையை ஒரே மூச்சில் ஊற்ற வேண்டும். அப்போதுதான் திரவம் தானே ஒரே மட்டத்துக்கு வரும். முறுக்கு இருக்கும்போதே ஊற்றினால் ஒரு மூலையில் தடிமன் கூடி, இறுகும்போது அங்கே மட்டும் அதிகம் சுருங்கும். ஓரங்களில் எபாக்சி மேலேறி நிற்கும், அந்த விளிம்பை அரத்தால் எடுத்துவிட்டு மேடு பள்ளம் காட்டும் டயல் கேஜை ஓட்டிப் பாருங்கள். அதுவரை ரயிலை மாட்ட வேண்டாம்.