காதுக்குள் ஒளிப்பதா, காதுக்குப் பின்னால் மாட்டுவதா?

“கடல் இரையிறது கேக்குது. என்ட காதுக்கு என்ன குறை?” திருகோணமலை, திருக்கடலூரில் இருக்கும் என் சித்தப்பா இரண்டு வருசமாக இதையே சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னது பொய்யில்லை. முப்பது வருசம் படகு இஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்த காதில் முதலில் மங்குவது கீச்சென்ற மேல்சுருதி ஒலிகள்தான். அலையின் இரைச்சல் தாழ்ந்த ஒலி, அது கடைசிவரை கேட்கும். பேத்தியின் குரல் கேட்காது. ‘தட்டு’, ‘பட்டு’, ‘கட்டு’ மூன்றும் ஒரே சொல்லாகிவிடும். “கேக்குது, ஆனா விளங்குதில்ல” என்று வயதானவர்கள் சொல்வது இதைத்தான்.

காது கேட்க உதவும் மெஷின் ஒரே வகையல்ல, பல வகை இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பதுதான் அது காதில் இருக்குமா, அலுமாரிக்குள் போகுமா என்பதைத் தீர்மானிக்கும்.

சித்தப்பாவின் முதல் மெஷின் இணையத்தில் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கியது. உண்மையில் அது வெறும் ஒலிபெருக்கி. பேச்சோடு சேர்த்து ஃபேன் சத்தம், ஓட்டோ சத்தம், சட்டியில் கடுகு வெடிப்பது எல்லாவற்றையும் ஒரே அளவில் பெரிதாக்கும். மூன்றாம் நாள் கழற்றி வைத்துவிட்டார். காசு போனது பெரிதில்லை. “மெஷின் எண்டா இப்பிடித்தான்” என்ற எண்ணம் விழுந்ததுதான் எங்களுக்கு இன்னொரு வருசத்தைத் தின்றது. சரியான கருவி அப்படியில்லை. 250 முதல் 8000 ஹேர்ட்ஸ் வரை காதைச் சோதித்து, எந்த ஒலி குறைகிறதோ அதை மட்டும் தூக்கிக் கொடுக்கும்படி அமைப்பார்கள். தாங்க முடியாத சத்தத்துக்கு எல்லையும் வைப்பார்கள்.

அப்புறம் அவர் கேட்டது காதுக்குள்ளேயே மறைகிற சின்னது. வெட்கம், வேறொன்றுமில்லை. குறைந்த பாதிப்பும் நல்ல விரல்களும் இருந்தால் அது மோசமான தெரிவல்ல. ஆனால் வலை இழுத்துக் காய்த்த விரலால் கடலைப்பருப்பு அளவுப் பற்றரியை மாற்ற வேண்டும். கடையில் ஒருமுறை முயன்று பார்த்தார். இரண்டு தரம் கீழே விழுந்தது, மூன்றாம் தரம் பிழையான பக்கமாகப் போனது. போதாததற்குக் காதுக் குறும்பியும் வியர்வையும் நேராக அதற்குள் இறங்கும்.

காதுக்குப் பின்னால் மாட்டுவது வெளியே தெரியும். ஆனால் கூடிய பாதிப்புக்கும் போதிய பலம் அதில் உண்டு. செம்மஞ்சள் ஒட்டி உள்ள 13ஆம் இலக்கப் பற்றரி அநேகமாக ஒரு வாரத்துக்கு மேல் வரும். ஒட்டியை உரித்து ஒரு நிமிடம் காற்றுப்பட வைத்துவிட்டுப் போட வேண்டும். காதின் அச்சில் செய்த மோல்டைக் கழற்றிக் கழுவலாம். மோல்டைக் கருவியோடு இணைக்கும் குழாய் இறுகினால் அதை மட்டும் மாற்றலாம். மெல்லிய வயரோடு ஒலி தரும் முனை காதுக்குள் போகும் வகை இதைவிடப் பார்வைக்கு அழகு, தன் குரலே குடத்துக்குள் ஒலிப்பதுபோன்ற தொல்லையும் குறைவு. அலுவலகத்தில் இருப்பவருக்கு நான் அதையே சொல்வேன். உப்புக்காற்றில் திரிகிறவருக்குச் சொல்லமாட்டேன். கை நடுங்குகிறவர்களுக்கு இரவில் சார்ஜ் போடும் வகை நல்லது.

எங்கே வாங்குவது என்பதும் இதே அளவு முக்கியம். கொழும்பில் தெரிவு அதிகம்தான். ஆனால் திருகோணமலையிலிருந்து 250 கிலோமீற்றருக்கு மேல். முதல்நாள் வைத்த அளவு அப்படியே பொருந்துவது அபூர்வம், மூன்று நான்கு தடவை திருத்த வேண்டிவரும். திரும்பிப் போக முடியாத இடத்தில் விலைகூடிய கருவியை வாங்குவதைவிட, பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் சாதாரணமானதை வாங்குவது மேல் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு முன் ஆஸ்பத்திரியில் காது, மூக்கு, தொண்டை வைத்தியரைப் பாருங்கள். சிலருக்குக் குறும்பி அடைப்புதான் காரணமாக இருக்கும். திடீரென ஒரு காது கேட்காமல் போனால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. காசு கஷ்டம் என்றால் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் கேளுங்கள்.

நாங்கள் எத்தனை சொல்லியும் அசையாத சித்தப்பா, உவர்மலையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் காதிலிருந்து கழற்றிக் கையில் கொடுத்தபோதுதான் அசைந்தார். “முதல் கிழமை செருப்புச் சத்தமும் இடிமாதிரிக் கேக்கும். ஒரு நாளைக்கு ரெண்டு மணித்தியாலம் போடுங்கோ, வீட்டுக்குள்ள போடுங்கோ. பிறகு சந்தைக்குப் போகலாம்” என்றார் அவர். மறந்த ஒலிகளுக்கு மூளை பழகச் சில வாரம் எடுக்கும். அந்த வாரங்களில் வீட்டாரும் குசினிக்குள் நின்று கூப்பிடாமல் முன்னால் வந்து முகம் பார்த்துப் பேச வேண்டும்.

இப்போது காதுக்குப் பின்னால் மாட்டுவதுதான் அவரிடம் இருக்கிறது. கடலுக்குப் போகையில் கழற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா உருண்டைகள் போட்ட டப்பாவில் மூடி வீட்டில் வைத்துவிடுவார். படகு கரை தட்டும் நேரத்தில் பேத்தி அந்த டப்பாவோடு மணலில் நிற்பாள். மீன் ஏலம் கூறத் தொடங்கும் முன் அதை வாங்கி மாட்டிக்கொள்கிறார், எல்லாரும் பார்க்க.