365 நானோமீட்டர் யூவி டார்ச்: வெளிச்சம் அருமை, வளையம் வேதனை

ஒளிரும் கனிமக் கற்களைத் தேட உதவும் இந்தப் புற ஊதா (யூவி) டார்ச்சின் விலை இறங்கியிருக்கிறதே, வாங்கலாமா என்று கேட்கிறார்கள். ஒளியில் குறையே இல்லை. 395 நானோமீட்டர் டார்ச் வைத்திருப்பவர்கள் இதை ஒருமுறை அடித்துப் பார்த்தால் பழையதைத் தொடமாட்டார்கள். என் கோபமெல்லாம் முகப்பில் கறுப்புக் கண்ணாடியைப் பிடித்திருக்கும் வளையத்தின் மேல்தான்.

கண்ணுக்குத் தெரியும் ஊதாவைத் தடுத்து, புற ஊதாவை மட்டும் விடுவது அந்தக் கண்ணாடி. பைக் பையில் போட்டுப் பென்னாகரம் பக்கம் மண்ரோட்டில் போய் வந்தால் வளையம் தளர்ந்து, ஓரத்தில் ஊதா கசியும். அப்புறம் ஒளிராத வெங்கச்சாங்கல்கூட நீலமாய்த் தெரியும். இதைச் சோதிக்க வெள்ளைத்தாள் உதவாது, அதிலுள்ள வெளுப்பூட்டியே பளீரென்று எரியும். பழைய எவர்சில்வர் தட்டில் அடியுங்கள். கிட்டத்தட்ட இருட்டாக இருந்தால் சரி, பளிச்சென்று ஊதா வட்டம் விழுந்தால் கசிவு. பேட்டரியைக் கழற்றிவிட்டு, மரையில் டெஃப்லான் டேப் இரண்டு சுற்று, இறுகும் திசையிலேயே சுற்றி மூடினால் நிற்கும். விற்ற கடையில் கேட்டால் வளையத்துக்கு வாரண்டி கிடையாதாம்!

கண்ணாடியை வேட்டி நுனியால் துடைக்காதீர்கள். சோப்புத்தூள் ஏறிய நூலிழைகள் ஒட்டிக்கொண்டு நீலப் புள்ளிகளாக மின்னும். கல்லையும் சோப்புத்தூளில் ஊறவைக்க வேண்டாம், வெடிப்புக்குள் தங்கும் தூள் கனிமம்போல ஏமாற்றும்.

நம் பக்கக் கல்லில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். கிருஷ்ணகிரி குவாரிக் கழிவில் பெரும்பாலும் இருட்டுதான். சாமல்பட்டியில் கார்பனடைட் என்ற கார்பனேட் பாறையில் கால்சைட் கனிமம் உண்டு, ஆனால் கால்சைட் சிவக்க மாங்கனீசு வேண்டும், இரும்பு கூடினால் அணைந்துவிடும். பாப்பாரப்பட்டிக் குருந்தக்கல்லுக்கும் அதே கணக்கு: குரோமியம் இருந்தால் சிவப்பு, இரும்பு மிகுந்தால் ஒன்றுமில்லை. டங்ஸ்டன் தாதுவான ஷீலைட்டைப் பார்க்க 254 நானோமீட்டர் விளக்கு தனியாக வேண்டும்.

எதிர்பாராத லாபம் தேள். கற்குவியலில் கைவைக்குமுன் ஒருமுறை டார்ச் அடித்தால் பச்சைநீலமாய்ப் பளபளக்கும், ஐந்தாறு அடி தள்ளியே தெரியும். புதிதாய்த் தோலுரித்தது மட்டும் ஒளிராது, அதனால் கையுறையை விடாதீர்கள். கண்ணுக்கு பாலிகார்பனேட் கண்ணாடி போடுங்கள்.

கல்லுக்காக என்றால் இந்த வளையத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம், திருகு போட்டு இறுக்கிய வேறொன்றைப் பாருங்கள். தேளுக்காக என்றால் இந்த விலைக்குத் தாராளமாய் வாங்கலாம்.