ஃபிரிட்ஜ்-டேக் 2: வடசென்னை கிளினிக்குகளுக்கு ஒத்துவருமா?

வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் தடுப்பூசி போடும் சின்ன கிளினிக்குகள் பலவற்றில் வீட்டு ஃபிரிட்ஜ்தான் ஓடுகிறது. கரண்ட் போனால் மருந்து சூடாகிவிடுமே என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. உறைந்துபோவதைப் பற்றித்தான் யாரும் கவலைப்படுவதில்லை. மே மாத வெயிலுக்காகத் தெர்மோஸ்டாட்டைக் கடைசி எண்ணுக்குத் திருகிவிட்டு, மார்கழியிலும் அப்படியே விட்டால் விடியற்காலையில் உள்ளே பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும். ஹெபடைடிஸ் பி, பென்டாவேலன்ட் (ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி), டிடி (டெட்டனஸ்-டிப்தீரியா) போன்றவை ஒருமுறை உறைந்தாலே வீண். மருந்துக் குப்பியில் ஒட்டியிருக்கும் விவிஎம் என்ற நிறம் மாறும் லேபிள் சூட்டை மட்டும்தான் காட்டும், உறைந்ததைக் காட்டாது. காலையில் வந்து டயல் தெர்மாமீட்டரைப் பார்த்தால் 4 டிகிரி என்றிருக்கும். இரவில் நடந்தது தெரியவே தெரியாது.

ஃபிரிட்ஜுக்குள் வைத்து வெப்பநிலையைப் பதிவு செய்யும், பெர்லிங்கர் நிறுவனத்தின் ஃபிரிட்ஜ்-டேக் 2 கருவி பிடிப்பது அதைத்தான். மைனஸ் 0.5 டிகிரி அல்லது அதற்குக் கீழே 60 நிமிடம் நின்றால் அலாரம் குறி விழும். கடந்த 30 நாளின் குறைந்த, கூடிய வெப்பநிலையைத் திரையிலேயே தள்ளித் தள்ளிப் பார்க்கலாம். கம்ப்யூட்டரின் யூஎஸ்பியில் செருகினால் பிடிஎஃப் ரிப்போர்ட் வந்துவிடும், தனி சாஃப்ட்வேர் வேண்டாம். ஆய்வுக்கு வருபவர்களிடம் காட்ட இது பெரிய வசதி.

சூட்டுப் பக்கம்தான் இதன் பலவீனம். 8 டிகிரிக்கு மேல் தொடர்ந்து 10 மணி நேரம் இருந்தால்தான் அலாரம். ஒரே வாரத்தில் இரண்டு தடவை எட்டெட்டு மணி நேரம் கரண்ட் போனாலும் அது பேசாமல் இருக்கும். அதனால் அலாரம் வரவில்லையே என்று நிம்மதியாக இருக்க முடியாது. காலையும் மாலையும் கூடிய அளவைப் பார்த்து நோட்டில் எழுதியே ஆக வேண்டும். இன்னொரு குறை, பாட்டரி தீர்ந்தால் கருவியையே மாற்ற வேண்டும்.

வைக்கும் இடம் முக்கியம். நடுத்தட்டில், ஊசிப் பெட்டிகளுக்கு நடுவே வையுங்கள். கதவிலும் ஃப்ரீசருக்கு நேர் கீழேயும் வைத்தால் கணக்கே தப்பும்; அந்த இரண்டு இடத்திலும் மருந்தும் வைக்கக் கூடாது. காலித் தட்டுகளில் தண்ணீர் பாட்டில்களை அடுக்கினால் கரண்ட் போகும்போது குளிர் கொஞ்சம் கூடுதலாக நிற்கும். அலாரம் விழுந்தால் மருந்தை உடனே கொட்டிவிடாதீர்கள். 'பயன்படுத்தாதே' என்று எழுதி, 2 முதல் 8 டிகிரியிலேயே தனியாக வைத்து, ரிப்போர்ட்டோடு சப்ளையரிடம் கேளுங்கள்.

ஒரே டாக்டர் நடத்தும் கிளினிக்குக்கு இது தாராளமாகப் போதும். இரவில் ஆளே இல்லாமல் நிறைய ஸ்டாக் வைக்கும் இடத்துக்குப் போதாது, ஏனென்றால் இது யாருக்கும் போன் செய்யாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வடசென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்துக்கு, தடுப்பூசி இருப்பையும் வெப்பநிலையையும் கண்காணிக்கும் அரசின் இ-வின் திட்டத்தில் இருப்பதுபோல, சிம் போட்டு எஸ்எம்எஸ் அனுப்பும் லாகர்தான் (வெப்பநிலைப் பதிவுக் கருவி) சரி. வைஃபை லாகர் வாங்குவதாக இருந்தால் ரவுட்டருக்கும் சேர்த்து யூபிஎஸ் போடுங்கள். கரண்ட் போனதும் ரவுட்டர் அணைந்தால் எச்சரிக்கை உங்களுக்கு வந்து சேராது.