கல் ஓயாவா, குமணவா: மனிதரையும் மரபையும் காணப் போவோருக்கு

இலங்கையின் கல் ஓயா 1954இல் தேசியப் பூங்காவானது. அங்குள்ள சேனாநாயக்க சமுத்திரம் என்ற பெரிய நீர்த்தேக்கத்தில் படகேறி, தீவுக்குத் தீவு நீந்தும் யானைகளைப் பார்க்கத்தான் பலரும் இங்கினியாகலைக்குப் போகிறார்கள். மரபைத் தேடுவோர் பூங்காவை ஒட்டிய ரத்துகல என்ற, இலங்கையின் ஆதிக்குடிகளான வேடரின் கிராமத்துக்குப் போகவேண்டும். வேடரின் கிரி கொரஹ சடங்கில் தேங்காய்ப்பால் நிறைந்த சட்டியைச் சுற்றி, கையில் அம்போடு ஆடி மூதாதையரை அழைப்பார்கள். இது அவர்களின் வழிபாடு; காசு நீட்டி ஆடச் சொல்லக்கூடாது. சிங்களம் தெரிந்த ஒருவர் கூட வந்தால்தான் பேச்சு நகரும்.

குமணவும் தேசியப் பூங்காதான்; 2006 வரை அதன் பெயர் யால கிழக்கு. அதன் வாசலிலேயே உகந்தமலை முருகன் கோயில். கதிர்காமப் பாதயாத்திரைக்காரர் இங்கிருந்துதான் காட்டுக்குள் இறங்கி, கும்புக்கன் ஆற்றைக் கடந்து, யால வழியாக நடக்கிறார்கள். பாதை கதிர்காமக் கொடியேற்றத்தையொட்டிச் சில நாட்களே திறக்கும்; அந்த ஆண்டின் திகதியைப் பார்க்காமல் போனால் திரும்பத்தான் வேண்டும். ஆடி வெயிலில் குளங்கள் வற்றிக் கிடக்கும். ஆகவே பையில் துணியைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுங்கள். புதுச் செருப்பு முதல் நாளே காலைக் கடிக்கும்.

வழியிலுள்ள பாணமையைத் தவறவிடாதீர்கள். தமிழரும் சிங்களவரும் கலந்த அவ்வூரில், சிங்களவர் பத்தினி என வணங்கும் கண்ணகியின் விழாவில், வளைந்த இரு கொம்புகளைக் கோத்துக் கயிறு கட்டி, ஊர் இரண்டாய்ப் பிரிந்து ஒன்று முறியும்வரை இழுக்கும். மட்டக்களப்புக் கண்ணகி கோயில்களின் கொம்புமுறி விளையாட்டேதான்! அதனால் நம்மவர்க்குக் குமணையே முதல். யானையும் படகும் போதுமென்றால், பங்குனி முதல் ஆடிக்குள் கல் ஓயா.