ஸ்லீவா, பைபாஸா? எடைக் குறைப்பு ஆபரேஷன்களும் அவை கேட்கும் சாப்பாட்டு முறையும்

எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கிலோ குறையும்?" என்றுதான். அதற்குப் பதில் சொல்வது எளிது. இரைப்பையைக் குழாயாகக் குறைக்கும் ஸ்லீவோ, உணவைச் சிறுகுடலுக்கு நேராகத் திருப்பிவிடும் பைபாஸோ, பெரும்பாலானவர்களுக்கு மொத்த எடையில் ஏறத்தாழ கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை ஒன்றரை வருடத்துக்குள் இறங்கிவிடும். 120 கிலோ இருப்பவர் 80-க்கும் 90-க்கும் நடுவில் வந்து நிற்பார். இறங்கிய எடை அங்கேயே நிற்குமா என்பதுதான் கவலைப்பட வேண்டிய விஷயம். உடம்புக்குப் பொருந்தும் ஆபரேஷனைத் தேர்ந்தெடுத்தோமா, அதன் பிறகு வருடக்கணக்கில் கூடவே வரும் டயட்டீஷியனும் பரிசோதனைகளும் உள்ள இடத்தில் செய்துகொண்டோமா என்ற இரண்டும்தான் அதை முடிவு செய்கின்றன. இந்த அளவுகோலை வைத்தே ஒவ்வொன்றையும் பார்க்கிறோம்.

யாருக்கு இது என்பதில் விதிகள் தளர்ந்திருக்கின்றன. 1991-ல் அமெரிக்காவில் வகுத்த வரம்பு: பி.எம்.ஐ (உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் எண்) 40, அல்லது 35-உடன் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற நோய். 2022-ல் வந்த புதிய வழிகாட்டுதல்படி, 35 இருந்தாலே போதும். 30-லிருந்து 35-க்குள் இருப்பவர்களுக்குச் சர்க்கரை போன்ற நோய் இருந்தால் பரிசீலிக்கலாம். ஆசிய உடல்வாகு உள்ளவர்களுக்கு 27.5-லிருந்தே பேசலாம், வயிற்றுக் கொழுப்பும் சர்க்கரையும் அவர்களுக்குக் குறைந்த எடையிலேயே வந்துவிடுவதுதான் காரணம்.

இன்று அதிகம் நடப்பது ஸ்லீவ். இரைப்பையின் வெளி வளைவை ஸ்டேப்ளரால் வெட்டி, முக்கால் பங்குக்கு மேல் வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழ வடிவில், 100 முதல் 150 மி.லி. கொள்ளும் குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனைப் பெருமளவு சுரக்கும் மேல் பகுதியும் அதோடு போய்விடுவதால், முதல் வருடம் பசியே தெரிவதில்லை என்று பலர் சொல்வது உண்மைதான். குடலில் கை வைப்பதில்லை, ஆபரேஷன் நேரமும் குறைவு. ஆனால் வெட்டி எடுத்ததைத் திருப்பி வைக்க முடியாது. இன்னொரு பெரிய குறை, நெஞ்செரிச்சல். குழாயாகிவிட்ட இரைப்பையில் அழுத்தம் கூடுவதால், அமிலம் மேலே ஏறும். முன்பு இல்லாதவர்களுக்கும் புதிதாக வரலாம், இருந்தவர்களுக்கு மோசமாகலாம். ஆகவே எண்டோஸ்கோபி பார்க்காமலே ஸ்லீவ் செய்யலாம் என்று ஒரு மருத்துவர் சொன்னால், வேறு ஒருவரிடமும் கேட்டுவிடுங்கள். உணவுக்குழாயில் புண்ணோ, பேரட் எனப்படும் திசு மாற்றமோ இருந்தால் ஸ்லீவ் வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து.

அப்படிப்பட்டவர்களுக்கும், பல வருடச் சர்க்கரை நோயாளிகளுக்கும் பைபாஸ்தான் மேல். இரைப்பையின் மேல் முனையில் சுமார் 30 மி.லி. கொள்ளும் சிறு பை ஒன்றைப் பிரித்து, அதைச் சிறுகுடலின் நடுப் பகுதியோடு நேராக இணைக்கிறார்கள். மீதி இரைப்பை உள்ளேயே இருக்கும். அதன் சாறும் பித்தநீரும் கீழே இன்னொரு இணைப்பில் வந்து சேரும். அமிலம் மேலே ஏற வழியில்லை என்பதால் நெஞ்செரிச்சல் பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. சர்க்கரையோ, எடை குறைவதற்கு முன்பே, சில நாட்களில் இறங்கத் தொடங்கும். அதனால் இன்சுலின், சல்ஃபோனில்யூரியா வகைச் சர்க்கரை மாத்திரைகளின் அளவை வீட்டுக்குப் போகும்முன் மாற்றி எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். பழைய அளவிலேயே தொடர்ந்தால் தாழ்சர்க்கரையில் மயங்கி விழலாம்.

பைபாஸ் கேட்கும் விலை வேறு. இணைப்பில் புண் வரலாம். புகையும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகளும் முதன்மைக் காரணங்கள். மூட்டு வலிக்குத் தினமும் அவற்றை விழுங்குபவர், நிறுத்த முடியுமா என்பதை முதலில் பார்த்துவிட்டுத்தான் பைபாஸைப் பற்றி யோசிக்க வேண்டும். அடுத்தது, எடை இறங்கி வயிற்றுக் கொழுப்பு கரைந்த பின் குடலைத் தாங்கும் சவ்வில் இடைவெளி திறந்து, குடல் அதற்குள் நுழைந்து முறுக்கிக்கொள்ளலாம். இது வருடங்கள் கழித்தும் வரும். சாப்பிட்டதும் வந்து வந்து போகும் கடும் வயிற்றுவலியை 'கேஸ்' என்று தள்ளிப்போடவே கூடாது.

மினி பைபாஸில் இணைப்பு ஒன்றுதான். எடையும் சர்க்கரையும் நன்றாகவே குறைகின்றன. பித்தநீர் இரைப்பைக்குள் வருவதும், சத்துக் குறைபாடு சற்று அதிகமாவதும் இதன் பலவீனங்கள். மாத்திரையை ஒழுங்காக எடுக்காதவருக்கு இது சரிப்படாது. இரைப்பையைச் சுற்றிக் கட்டும் பேண்ட், நழுவுதலும் உள்ளே அரித்து நுழைதலும் மீண்டும் மீண்டும் ஆபரேஷனுக்கு இழுத்ததால் பெரும்பாலும் கைவிடப்பட்டுவிட்டது. பலூன் சில மாதத் தற்காலிக ஏற்பாடு; எடுத்த பின் எடை பெரும்பாலும் திரும்பும்.

இடத்தைத் தேர்வு செய்யும்போது கட்டடத்தைப் பார்க்காதீர்கள், கேள்வி கேளுங்கள். அறுவை மருத்துவர் ஸ்லீவ், பைபாஸ் இரண்டையும் வழக்கமாகச் செய்பவரா? ஒன்றை மட்டும் செய்பவர் எல்லோருக்கும் அதையேதான் சொல்வார். இரவு இரண்டு மணிக்கு வலி வந்தால் யார் ஃபோன் எடுப்பார்கள்? சி.டி. ஸ்கேனும் ஐ.சி.யு.வும் அங்கேயே உண்டா? டயட்டீஷியன் ஆபரேஷனுக்கு முன்பே உட்கார்ந்து பேசுகிறாரா, டிஸ்சார்ஜ் அன்று ஒரு தாளைக் கொடுத்து அனுப்புகிறாரா? கடைசிக் கேள்விக்குக் கிடைக்கும் பதிலுக்கே நாங்கள் அதிக மதிப்பெண் தருவோம்.

ஆபரேஷனுக்கு முந்தைய இரண்டு வாரம் 800 முதல் 1000 கலோரி டயட் தருவார்கள். அதை எடை குறைப்பதற்கான ஒத்திகை என்று நினைத்து நடுவில் ஒரு விருந்துக்குப் போய்விடுகிறார்கள். உண்மையில் அது கல்லீரலுக்கானது. கொழுப்பேறிய கல்லீரலின் இடது பகுதி இரைப்பையின் மேல் கவிழ்ந்து கிடக்கும். சுருங்காவிட்டால் லேப்ராஸ்கோப் கருவிக்கு வழி கிடைக்காது. புகையை ஆறு வாரத்துக்கு முன்பாவது நிறுத்த வேண்டும். எடைக்கோ சர்க்கரைக்கோ செமாக்ளூடைட் போன்ற ஊசி போட்டுக்கொள்பவர்கள் அதை மயக்க மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். அந்த மருந்து இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும்.

ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு வாரத்தில் கவனிக்க வேண்டியது நாடித்துடிப்பு. ஸ்டேப்ளர் வரியில் கசிவு ஏற்பட்டால், வலியும் காய்ச்சலும் வரும்முன்பே துடிப்பு 120-ஐத் தாண்டி ஓடலாம். மூச்சிரைப்பு, இடது தோள் வலி சேர்ந்தால் உடனே மருத்துவமனை.

இனி சாப்பாடு. முதல் நாள் மருந்து அளக்கும் 30 மி.லி. கப்பில்தான் தண்ணீர். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு கப், அதையும் சிறு மடக்குகளாக. ஒரே மூச்சில் குடித்தால் நெஞ்சுக்குழியில் கல் வைத்தாற்போல் நிற்கும். இரண்டு வாரம் திரவம். அடுத்த இரண்டு வாரம் கட்டியில்லாமல் அரைத்தது. அதற்கடுத்த இரண்டு வாரம் முள்கரண்டியால் அழுத்தினாலே உடையும் மெத்தென்ற உணவு. ஏழாவது எட்டாவது வாரத்தில் சாதாரணச் சாப்பாடு. மருத்துவமனைக்கு மருத்துவமனை நாட்கள் சற்று மாறும், வரிசை மாறாது. பசிக்கிறது, நன்றாகத்தானே இருக்கிறேன் என்று இரண்டாம் வாரமே கெட்டியாகச் சாப்பிடுவது ஆபத்து. உள்ளே வீக்கம் வற்றவில்லை, வெட்டிய இடம் இன்னும் இறுகவில்லை.

புரதம் நாளுக்கு 60 முதல் 80 கிராம் வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6, 7 கிராம், 100 கிராம் வேகவைத்த பருப்பில் 8, 9 கிராம் என்று கூட்டிப் பாருங்கள். நாலைந்து ஸ்பூனில் வயிறு நிரம்பும் காலத்தில் இந்தக் கணக்கு எட்டவே எட்டாது. ஆகவே முதல் சில மாதம் புரதப் பொடி கலந்த பானம் அவசியம். சாதாரணச் சாப்பாட்டுக்கு வந்த பின்னும் தட்டில் முதலில் புரதம், பிறகு காய்கறி, இடமிருந்தால் கடைசியில் மாவுச்சத்து. இந்த வரிசை ஆயுளுக்கும்தான்.

தண்ணீரைச் சாப்பாட்டோடு சேர்க்கக் கூடாது. சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்துக் குடிக்க வேண்டும். சேர்த்துக் குடித்தால் உணவு கரைந்து சீக்கிரம் இறங்கி, நிறைவு தங்காது. மீதி நேரத்தில் மடக்கு மடக்காக ஒன்றரை லிட்டராவது உள்ளே போக வேண்டும். முதல் மாதத்தில் திரும்ப அட்மிட் ஆகிறவர்களில் பலர் நீர் வற்றித்தான் வருகிறார்கள்.

உணவு சிக்கிக்கொள்வது எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. சரியாக மெல்லாத கோழித்துண்டு ஒன்று இறங்காமல் நிற்கும். நெஞ்சு நடுவே இறுக்கம், வாயில் எச்சில் ஊறி நுரை நுரையாக வரும். அப்போது தண்ணீர் குடித்துத் தள்ளப் பார்த்தால் அது மேலேதான் வரும். எழுந்து மெதுவாக நடந்தால் பெரும்பாலும் தானே இறங்கிவிடும். மறுபடி சூடாக்கிய காய்ந்த கோழி, பஞ்சு போன்ற வெள்ளை பிரெட் இரண்டும்தான் அதிகம் மாட்டுபவை. வாய்க்கு விரல் நகம் அளவு துண்டு, கூழாகும்வரை மெல்லுதல், வாய்களுக்கு நடுவே கரண்டியைக் கீழே வைத்தல் என்று ஒரு வேளைக்கு 20 முதல் 30 நிமிடம் ஆகட்டும்.

இதற்கு நேர்மாறானவை பிஸ்கட், சிப்ஸ், ஐஸ்கிரீம், இனிப்பு பானங்கள். சிக்காது, வலிக்காது, நிரம்பாது. சிறிய இரைப்பையை ஏமாற்றிவிட்டு வழுக்கி இறங்கும். இரண்டாம் வருடத்துக்குப் பிறகு எடை ஏறியவர்களின் உணவுக் குறிப்பைப் பார்த்தால், பெரிய சாப்பாடு இருக்காது. நாள் முழுக்க இந்த மாதிரிக் கொறிப்புதான் இருக்கும். பைபாஸ்காரர்களுக்கு இனிப்பு வேறு விதமாகவும் தண்டனை தரும். அது குடலில் நேராகக் கொட்டுவதால் வியர்வை, படபடப்பு, வயிற்றுப்போக்கு. மதுவும் அப்படித்தான், மிக வேகமாக ரத்தத்தில் ஏறும். புதிதாகக் குடிக்கு அடிமையாகும் அபாயம் உண்மையானது.

சத்து மாத்திரைகள் ஆயுள் முழுவதும் தொடர வேண்டும். மல்டிவைட்டமின், பி12, டி3, இரும்பு, கால்சியம். கால்சியம் சிட்ரேட் வடிவில் இருக்கட்டும். கார்பனேட் கரைய அமிலம் வேண்டும், இங்கே அது குறைந்துவிட்டது. நாளுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராமை, தடவைக்கு 500, 600 என்று பிரித்து எடுக்க வேண்டும். இரும்பு மாத்திரையிலிருந்து இரண்டு மணி நேரம் தள்ளி வையுங்கள், ஒன்றை ஒன்று உறிஞ்ச விடாது. மூன்றாம் மாதத்திலிருந்து முடி கொட்டலாம்; அதிர்ச்சி வேண்டாம், எடை நிலைத்து, புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் திரும்ப வளரும். பித்தப்பைக் கல் வராமலிருக்க ஆறு மாதம் தரும் மாத்திரையைப் பாதியில் விடாதீர்கள். கர்ப்பத்தை ஒன்றிலிருந்து ஒன்றரை வருடம் தள்ளிப் போடுங்கள். பைபாஸுக்குப் பின் கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது, வேறு வழி கேட்டுக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைக்க வேண்டும். வாந்தி இரண்டு மூன்று நாள் விடாமல் இருந்தால் உடம்பில் தயமின், அதாவது பி1, குறைந்துபோகலாம். அந்த நிலையில் வெறும் குளுக்கோஸ் டிரிப் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம்: பார்வை இரட்டையாகும், நடை தள்ளாடும், மனம் குழம்பும். எந்த அவசரப் பிரிவுக்குப் போனாலும் "எடைக் குறைப்பு ஆபரேஷன் ஆனவர், முதலில் தயமின் போடுங்கள்" என்று சொல்ல வேண்டும்.

ரத்தப் பரிசோதனை 3, 6, 12-ஆம் மாதங்களில், பிறகு வருடம் ஒரு முறை. டிஸ்சார்ஜ் ஆகும்போது ஆபரேஷன் குறிப்பின் நகலைக் கேட்டு வாங்குங்கள். என்ன ஆபரேஷன், பைபாஸ் என்றால் குடலின் எந்தப் பகுதி எத்தனை செ.மீ. என்பது அதில் எழுதியிருக்க வேண்டும். வேறு ஊரில் வயிற்றுவலியோடு சேரும்போது, உங்கள் வயிற்றைத் திறக்கும் மருத்துவர் முதலில் தேடுவது அதைத்தான்.