கம்பியா, கண்ணா, காதா? கேஸ் டர்பைனின் சூட்டை அளக்கும் மூன்று வழிகள்

அப்பா இலங்கை மலைநாட்டில், ஹட்டன் பக்கத்து ஸ்டோர் ஒன்றில் டிரையர் (கொழுந்தைச் சூட்டுக் காற்றில் காயவைக்கும் இயந்திரம்) பார்த்தவர். வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், தோட்டத்தில் ஸ்டோர் என்றால் கடை அல்ல, தேயிலைத் தொழிற்சாலை. டிரையரின் நெற்றியில் வட்டமாக ஒரு வெப்பமானி இருந்தது. அதை அவர் பார்ப்பார், ஆனால் நம்பமாட்டார். டிரையரின் வாயில் வந்து விழும் தூளை உள்ளங்கையில் அள்ளி மூக்குக்கிட்டக் கொண்டுபோய், "இன்னும் ரெண்டு கட்டை போடு" என்பார். இல்லாவிட்டால் "நெருப்பை இழு, கருகுது" என்பார். உள்ளே போகிற காற்று ஏறத்தாழ 95 பாகை செல்சியஸ். கையும் மூக்கும் சமாளிக்கக்கூடிய சூடுதான்.

நான் இன்ஸ்ட்ருமென்ட் வேலைக்குப் போனவன். தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிற அக்கா மகன் போன மாதம் கேட்டான்: "மாமா, கேஸ் டர்பைனுக்குள்ள சத்தத்த வச்சு சூட்ட அளக்கலாமாமே, அப்புறம் எதுக்கு தெர்மோகப்பிள்?" நல்ல கேள்வி. பதில் ஒரு வரியில் அடங்காததால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பக்கம் டர்பைன் என்றாலே தண்ணீர்தான். நோட்டன் பிரிட்ஜ், லக்சபான, தலவாக்கலையில் மேல் கொத்மலை என்று எங்கே போனாலும் சூடு பார்க்க வேண்டிய இடம் பேரிங்கும் ஜெனரேட்டர் சுருளும்தான். எரிபொருளை எரித்து, அந்தச் சூட்டு வாயுவால் சுழலும் கேஸ் டர்பைன்கள் கீழே, கொழும்புப் பக்கம், களனிதிஸ்ஸவில் இருக்கின்றன. மலையில் மழை பொய்த்து நீர்த்தேக்கங்கள் வற்றும்போது அவற்றின் பாடு அதிகம். அங்கே எரியறையிலிருந்து முதல் வரிசை அலகுகளுக்கு (பிளேடுகளுக்கு) போகும் வாயு, இயந்திரத்தின் ரகத்தைப் பொறுத்து, 1,100 பாகையிலிருந்து 1,500 பாகைக்கு மேலும் இருக்கும். அலகு செய்யும் நிக்கல் கலப்புலோகமோ 1,300, 1,400 பாகை வாக்கில் உருகிவிடும். அலகுக்குள்ளே குளிர்காற்றை ஓடவிட்டு, மேலே பீங்கான் பூச்சுப் பூசித்தான் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். அலகு உலோகத்தின் சூடு 10, 15 பாகை கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்று ஒரு கைக்கணக்கு உண்டு. சூட்டைக் குறைத்தால் ஆயுள் கூடும், ஆனால் எண்ணெய் வீணாகும். அதனால்தான் அளவுக்காக இவ்வளவு அடிபிடி.

முதலில் கம்பி. இரண்டு வேறு உலோகக் கம்பிகளின் முனையை ஒன்றாக உருக்கி ஒட்டினால் தெர்மோகப்பிள். பாடப்புத்தகத்தில் வெப்பவிணை. ஒட்டிய முனைக்கும் மறுநுனிக்கும் உள்ள சூட்டு வித்தியாசத்துக்கு ஏற்ப அதில் சிறு மின்னழுத்தம் பிறக்கும். கே வகை என்றால் பாகைக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். 600 பாகையில் கிட்டத்தட்ட 25 மில்லிவோல்ட். மலிவு, எளிது, எந்தக் கட்டுப்பாட்டுப் பெட்டியும் அதைப் படிக்கும். கேஸ் டர்பைனின் வெளியேற்றத்தில், 500, 600 பாகை இருக்கும் இடத்தில், வளையமாக இருபது முப்பது தெர்மோகப்பிள்களைச் செருகி வைத்திருப்பார்கள். எரியறை வாசலில் 1,300 பாகையில் வருடக்கணக்காக நிற்கக்கூடிய கம்பி கிடையாது. பிளாட்டினம்-ரோடியம் கம்பி சூட்டைத் தாங்கும். ஆனால் அந்த வேகத்தில் அடிக்கும் காற்றில் முறியாமல் நிற்க வேண்டுமே. முறிந்தால் துண்டு நேராகச் சுழலும் அலகில் போய் விழும். அதனால் முன்பக்கச் சூட்டை யாரும் நேரே அளப்பதில்லை. பின்பக்கச் சூட்டையும் காற்றை அழுத்தி எரியறைக்கு அனுப்பும் அமுக்கியின் அழுத்தத்தையும் வைத்துக் கணக்குப் போட்டு ஊகிக்கிறார்கள். வண்டியின் புகையைப் பார்த்து எஞ்சினைச் சொல்வது மாதிரி.

கம்பிக்கு இன்னொரு குணம்: சத்தமில்லாமல் பொய் சொல்லும். சில வருடங்களுக்கு முன் ஒரு ஸ்டோரில் டிரையர் பேனலை ஃபர்னஸ் புகையிலிருந்து விலக்கிச் சற்றுத் தூரத்தில் மாட்டியிருந்தார்கள். கேபிள் எட்டவில்லை என்று, யாரோ சாதாரணச் செம்புக் கம்பியால் நீட்டிவிட்டார்கள். ஃபர்னஸ் பக்கத்தில் இருந்த இணைப்புத் தலை 45 பாகை, பேனல் 20 பாகை. இரண்டு பக்கமும் ஒரே செம்பாக இருந்ததால் அந்த 25 பாகை வித்தியாசத்துக்கு மின்னழுத்தம் பிறக்காமல் தொலைந்துபோனது. உள்ளே உண்மையில் 95 இருக்கும்போது மீட்டர் 70 காட்டியது. "சூடு பத்தல" என்று விறகைத் திணித்து மீட்டரை 95-க்குக் கொண்டுவந்தார்கள். அப்போது உள்ளே 120. இரண்டு நாள் தூள் கருகல் வாடை. தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கர் ஐயா நெருப்புப் போடுகிறவரைத் திட்டித் தீர்த்தார். அவரோ, "ஐயா, நான் மீட்டரப் பாத்துத்தான் போட்டேன்" என்றார். பாவம், சரியாகத்தான் போட்டிருந்தார். கண்ணாடி வெப்பமானி ஒன்றைப் பக்கத்தில் விட்டுப் பார்த்த பிறகுதான் எனக்கே பிடிபட்டது. கே வகைக்கு உரிய பச்சை-வெள்ளை கேபிளை இழுத்ததும் சரியாகிவிட்டது.

டர்பைனில் இது வேறு உருவில் வரும். கம்பி முனை தன்னைச் சுற்றியிருக்கும் சற்றே குளிர்ந்த சுவரையும் "பார்த்து" வெப்பத்தை இழப்பதால் குறைத்துக் காட்டும். உறைக்குள் இருந்தால் சில செக்கன்கள் பிந்திச் சொல்லும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது நிற்கிற புள்ளியின் சூட்டைத்தான் சொல்லும். ஒரு எரிவாய் (பர்னர்) அடைத்துக்கொண்டால் அதன் குளிர்ந்த பட்டை நேர் பின்னால் வராது, அலகுகளோடு சுழன்று வேறொரு கோணத்தில் வந்து வெளிப்படும். இரண்டு கம்பிகளுக்கு இடையில் நழுவினால் மங்கலாகத்தான் தெரியும்.

கண்ணைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். அகச்சிவப்புப் பைரோமீட்டர் அலகிலிருந்து வரும் ஒளியைப் பார்த்துச் சூட்டைச் சொல்லும். வேகம் அபாரம், சுழல்கிற அலகுகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கும். ஆனால் அது பார்ப்பது உலோகத்தை, வாயுவை அல்ல. பூச்சுப் பழசானால் ஒரே சூட்டிலும் ஒளி மாறும். அடுத்த அலகில் பட்டுத் தெறிக்கும் ஒளி கலக்கும், வில்லையில் கரி படியும். ஹட்டன் பனியில் பஸ் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ஓட்டுகிற டிரைவரின் நிலைதான் அதைப் பராமரிப்பவருக்கும்.

இப்போது காது. இதைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

வாயுவில் ஒலியின் வேகம் அதன் தனிவெப்பநிலையின் (செல்சியஸோடு 273-ஐக் கூட்டினால் வருவது) வர்க்கமூலத்தோடு ஏறும். அழுத்தத்துக்கு அதில் பங்கில்லை. அதனால்தான் நுவரெலியாவின் உயரம் கணக்கில் வராது, குளிர் மட்டும் வரும். 340 மீற்றர் தள்ளி ஒரு பாறை இருக்கிறது என்று வையுங்கள். விடிகாலை 10 பாகையில் கைதட்டினால் எதிரொலி 2.02 செக்கனில் திரும்பும். பகல் 20 பாகையில் 1.98 செக்கன். காதுக்கு அந்த வித்தியாசம் தெரியாது, கருவிக்குத் தெரியும். தூரம் தெரிந்தால் நேரத்தை அளந்து சூட்டைச் சொல்லிவிடலாம். அமெரிக்க இயற்பியலாளர் ஆல்ஃபிரட் மேயர் 1873-இலேயே ஒலியை வைத்து உலைச் சூட்டை அளக்கும் யோசனையை எழுதிவிட்டார். மைக்ரோசெக்கனை அளக்கும் மின்னணுவியல் வரும்வரை அது யோசனையாகவே கிடந்தது. 1980-களில் பிரிட்டனின் மத்திய மின் உற்பத்திச் சபை ஆய்வாளர்கள் அதை மின்நிலையக் கொதிகலன்களுக்குக் கொண்டுபோனார்கள். இன்று பெரிய கொதிகலன்களில் அது ஆச்சரியமான பொருளே அல்ல. நாலு சுவரிலும் இரண்டிரண்டாக எட்டுக் கருவிகளை வைத்தால், ஒரே சுவரில் இருப்பவற்றை விட்டுவிட்டு, 24 குறுக்குப் பாதைகள் கிடைக்கும். அவற்றிலிருந்து முழு வெட்டுமுகத்தின் சூட்டு வரைபடத்தையே, ஸ்கேன் எடுப்பது போல, கட்டிவிடலாம். நெருப்புக்குள்ளே எந்தக் கம்பியும் நீட்டப்படவில்லை.

அப்படியானால் டர்பைனுக்கு ஏன் உடனே வரவில்லை? எண்களைப் பாருங்கள். வெளியேற்றத்தில் 600 பாகையில் ஒலி செக்கனுக்குச் சுமார் 580 மீற்றர் ஓடும். ஒரு மீற்றர் பாதைக்கு 1.72 மில்லிசெக்கன். சூடு ஒரு பாகை மாறினால் நேரம் ஏறத்தாழ ஒரு மைக்ரோசெக்கன் மாறும். இது செய்யக்கூடிய காரியம். ஆனால் எரியறை வாசலில் இருப்பது ஒடுங்கிய வளையம், நடுவே தண்டு. கிடைக்கிற பாதை 20 சென்ரிமீற்றர் என்றால், 1,300 பாகையில் முழுப் பயணமே 0.26 மில்லிசெக்கன்தான். 10 பாகை மாறினால்கூட ஒரு மைக்ரோசெக்கன் தேறாது. அதாவது அங்கே பத்து மடங்குக்கு மேல் கூர்மையான காது வேண்டும். ஒலிவாங்கியும் அந்தச் சூட்டில் நிற்காது. குழாய் வைத்துத் தள்ளி உட்காரவைத்து, குழாய்க்குள் குளிர்காற்று விட்டு, அந்தக் குழாயில் ஆகும் தாமதத்தைத் தனியாகக் கழிக்க வேண்டும். கழிப்பதில் தவறினால் மொத்தமும் தவறு.

இரைச்சல் அடுத்த வில்லங்கம். கொழுந்தை உருட்டும் ரோலர் ரூமில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்: கத்திப் பேசினால் கேட்காது, ஆனால் கீழிருந்து மேலே இழுத்து அடிக்கிற விசில் எங்கிருந்தாலும் பிடிபடும். கருவிகளும் அதையே செய்கின்றன. சுருதி ஏறிக்கொண்டே போகும் ஒரு சீழ்க்கையை அனுப்பி, வந்து சேரும் இரைச்சலுக்குள் அதே வடிவத்தைக் கணினியில் தேடுகின்றன. காற்றோட்டம் ஒலியை அடித்துக்கொண்டு போகும் என்பதையும் சாய்வுப் பாதையில் இருபுறமும் அளந்து சமாளிக்கலாம். ஓட்டத்தோடு போகும்போது முந்தும், எதிர்த்து வரும்போது பிந்தும். இரண்டு நேரத்தையும் வைத்துச் சூட்டோடு வாயுவின் வேகத்தையும் கண்டுபிடிக்கலாம். இது கம்பியால் முடியவே முடியாத காரியம். அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் ஆய்வாளர்கள் ஒரு டர்போஃபேன் எஞ்சினின் வெளியேற்றத்தில் இப்படி இரண்டையும் சேர்த்து அளந்து காட்டியிருக்கிறார்கள்.

எனக்கு அதிகம் உறுத்துவது வளைவு. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலில் விடிகாலையில் நின்றால் எதிர்மலைக் கோயில் மணி பக்கத்தில் அடிப்பது போலக் கேட்கும், மதியம் அதே மணி கேட்காது. காலையில் பள்ளத்தில் குளிர்காற்றும் மேலே இளஞ்சூடும் இருப்பதால், ஒலி குளிர்ந்த பக்கமாக வளைந்து நம்மிடம் இறங்குகிறது. பகலில் தலைகீழ். டர்பைனிலும் சுவரோரம் குளிர், நடுவில் சூடு. ஒலி நேர்கோட்டில் போவதாக எண்ணிக் கணக்கிட்டால், அது போகாத பாதைக்குச் சூடு சொல்வதாகிவிடும். வளைவைக் கணக்கிட முதலில் சூட்டின் பரவல் தெரிய வேண்டும், அதைத் தெரிந்துகொள்ளத்தானே அளக்கிறோம்! ஊகித்து, திருத்தி, மறுபடி ஊகித்து என்று சுற்றிச் சுற்றி வரவேண்டியிருக்கும்.

அப்புறம் வாயுவின் கலவை. நீராவி கூடினால் வாயு இலேசாகி ஒலி முந்தும், கருவி அதைச் சூடு என்று நினைக்கும். டீசலில் ஓடும் இயந்திரத்தை நாளைக்கு இயற்கை வாயுவுக்கு மாற்றினால் புகையில் நீராவியின் பங்கு கூடும், கணக்கையும் மாற்றியாக வேண்டும். தெர்மோகப்பிளுக்கு இந்தக் கவலையே இல்லை.

ஆகவே என் தேர்வு இது. வெளியேற்றத்தில் இயந்திரத்தை நிறுத்தும் டிரிப் சுற்றைக் கம்பி வளையத்திடம்தான் கொடுப்பேன். ஒன்று செத்தாலும் மற்றவை சாட்சி சொல்லும், மாற்றுவதற்கு ஒரு ஸ்பேனர் போதும். அதே இடத்தில் ஒலியையும் பக்கத்தில் வைப்பேன். கம்பிகளுக்கிடையே நழுவும் குளிர்ப் பட்டையைப் பிடிக்க அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அலகுக்குக் கண். எரியறை வாசலில் ஒலி இன்னும் சோதனைக் கூடத்துச் சாமான்தான். காசு என்னுடையது என்றால் இப்போதைக்கு அங்கே போடமாட்டேன். கம்பியும் கண்ணும் அங்கே தோற்றுவிட்டதால் ஒலிக்குத்தான் எதிர்காலம் என்று சொல்கிறவர்களோடு சண்டையும் இல்லை.

மருமகன் விடவில்லை. "அப்ப நம்ம ஸ்டோர் டிரையருக்கு?" என்றான். கணக்குப் போட்டோம். உள்ளே போகும் 95 பாகைக் காற்றில் ஒலி செக்கனுக்கு 385 மீற்றர். இரண்டு மீற்றர் அகலக் குழாய்க்கு 5.2 மில்லிசெக்கன், பாகைக்கு 7 மைக்ரோசெக்கன். டர்பைனோடு பார்த்தால் குழந்தை வேலை. வெளியே வரும் காற்று 54 பாகை வாக்கில் இருக்கும், ஆனால் கொழுந்தின் ஈரம் முழுக்க அதில்தான் போகிறது. பத்தில் ஒரு பங்கு நீராவி என்று வைத்தால், காய்ந்த காற்று என்று நினைக்கும் கருவி சுமார் 11 பாகை கூட்டிக் காட்டும். அதை நம்பி நெருப்பை இழுத்தால் தூள் ஈரமாகவே பெட்டிக்குப் போய்விடும். ஆகவே உள்வழியில் விளையாட்டுக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று முடிவு. வெளிவழியில் பழைய கம்பியே இருக்கட்டும், அந்தப் பச்சை-வெள்ளை கேபிளோடு.