ஏஜிசி: ஆடியோவிலிருந்து எடுப்பதா, ஐஎஃபிலிருந்து எடுப்பதா?

ஹாம் ரேடியோவில், 7 மெகாஹெர்ட்ஸில் எஸ் 3 அளவில் (எஸ் என்பது சிக்னல் பலத்தின் அளவு; ஒரு படிக்கு 6 டெசிபல்) முனகும் ஒரு ஸ்டேஷனை, வால்யூமைக் கூட்டிவைத்துக் கேட்கிறீர்கள். அதே அலைவரிசையில் இன்னொருவர் எஸ் 9-க்கு மேல் 40 டெசிபலில் வந்து பேசுகிறார். வித்தியாசம் 76 டெசிபல். மின்னழுத்தத்தில் ஆறாயிரம் மடங்குக்கும் மேல். பலமான சிக்னல் வந்தால் ரிசீவரின் கெயினை, அதாவது பெருக்கத்தை, தானாகக் குறைக்கும் ஏஜிசி இல்லையென்றால் ஹெட்போனைப் பிடுங்கி எறிய வேண்டியதுதான்.

சரி, கெயினைக் குறைக்கச் சொல்லும் மின்னழுத்தத்தை எங்கிருந்து எடுப்பது? காதுக்குப் போகும் ஆடியோவிலிருந்தா, அதற்கு முந்தைய இடைநிலை அதிர்வெண்ணான ஐஎஃபிலிருந்தா?

ஆடியோவிலிருந்து எடுப்பது சுலபம். ஒரு டயோடு, ஒரு கெப்பாசிட்டர், ஒரு டிரான்சிஸ்டர் போதும். சிக்னலை நேரடியாக ஆடியோவாக மாற்றும் டைரக்ட் கன்வர்ஷன் ரிசீவரில் ஐஎஃபே இல்லை என்பதால் அங்கே இதுதான் வழி. ஆனால் ஆள் மந்தம். 300 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு சுற்றுக்கே 3.3 மில்லிசெகண்ட் ஆகிறது. ஏஜிசி விழித்துக்கொள்வதற்குள் முதல் அசை காதில் 'டப்' என்று அறைந்துவிடும். ஹாம்கள் பேசப் பயன்படுத்தும் எஸ்எஸ்பியில் (ஒற்றைப் பக்கப்பட்டை முறை) கேரியர், அதாவது பேச்சு இல்லாதபோதும் நிற்கும் அலை, கிடையாது. பேசுபவர் நிறுத்தித் தொடங்கும்போதெல்லாம் இன்னோர் அறை. கெப்பாசிட்டரைச் சின்னதாக்கி வேகப்படுத்தினால், ஏஜிசி குரலின் அலையையே துரத்தத் தொடங்கிக் குரல் கரகரக்கும். இன்னொரு வேடிக்கை: பலமான கேரியரை ஜீரோ பீட்டில் (கேரியரும் ரிசீவரின் ஆஸிலேட்டரும் ஒரே அதிர்வெண்ணாகும் புள்ளியில்) கடக்கும்போது ஆடியோ இல்லாததால், சிக்னலே இல்லை என்று நம்பிக் கெயினைத் திறந்துவிடும்.

9 மெகாஹெர்ட்ஸ் ஐஎஃபில் ஒரு சுற்று 0.11 மைக்ரோசெகண்ட்தான். சிக்னல் வந்தது உடனே தெரிந்துவிடும். தலைவலி பிஎஃப்ஓ, அதாவது எஸ்எஸ்பியை ஆடியோவாக்க ரிசீவருக்குள்ளேயே ஓடும் ஆஸிலேட்டர். நான் முதலில் கட்டியதில் ஆன்டெனாவைக் கழற்றிய பிறகும் எஸ் மீட்டர் முள் 5-ஐ விட்டு இறங்கவில்லை. பிஎஃப்ஓ கசிந்து டிடெக்டருக்குள் நுழைய, அதையே ஸ்டேஷன் என்று எண்ணி ஏஜிசி கெயினை அமுக்கியிருந்தது. பிஎஃப்ஓவைத் தகரப் பெட்டிக்குள் அடைத்த பிறகுதான் முள் கீழே வந்தது. இன்னொன்று, ஐஎஃப் பெருக்கி சிப்பான எம்சி1350 ஒன்று சுமார் 60 டெசிபல்தான் குறைக்கும். அந்த 76-க்கு இரண்டு வேண்டும். இத்தனை பாடுபட்ட பிறகும், சிக்னலை ஐஎஃபுக்கு மாற்றிப் பெருக்கும் சூப்பர்ஹெட் கட்டுகிறவருக்கு நான் ஐஎஃபைத்தான் சொல்வேன். அதோடு ஹேங் சுற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பேச்சு நின்றதும் கெயினை அரை நொடி பிடித்துவைக்கும், வார்த்தைகளுக்கு நடுவே இரைச்சல் பொங்காது.

சிக்னலை எண்களாக்கி மென்பொருளில் கையாளும் டிஎஸ்பி ரிசீவர் இந்தச் சண்டையிலேயே இல்லை. ஒலியைச் சில மில்லிசெகண்ட் தாமதித்து அனுப்புவதால், காதில் அறை விழுமுன்பே கெயின் குறைந்திருக்கும். ஆனால் சிக்னலை எண்களாக மாற்றும் ஏடிசியே நிரம்பி வழிந்தால் மென்பொருள் ஒன்றும் செய்ய முடியாது. முன்னால் சிக்னலைக் குறைக்கும் ஒரு அட்டெனுவேட்டர் வைத்தே ஆக வேண்டும்.